டிவி கேமில் ‘ம்ம்ம்’ சத்தம்... தேடிப்போன எங்களுக்குக் கிடைத்த இன்னொரு விடை!

“சித்தி, அது என்ன டப்பா?”

அக்கா மகள் கீழே நின்று கேட்டாள். நான் பரணில். கையில் ஒரு பழைய செருப்பு டப்பா. மூடியில் என்னுடைய கையெழுத்து, எழுத்துப்பிழையோடு: ‘யாரும் தொடகூடது.’

மே மாத லீவில் ஒரு வாரம் திண்டுக்கல்லுக்குப் போயிருந்தேன். சென்னையில் டிஜிட்டல் டெஸ்க் வேலை. நாள் முழுக்க நோட்டிஃபிகேஷன் சத்தத்தோடு வாழ்கிற எனக்கு ஊர் என்றாலே அமைதி. ஆனால், அன்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஹாலில் டிவி அலறிக்கொண்டிருந்தது. “இப்பல்லாம் உங்கப்பா இப்படித்தான் வைக்கிறாரு” என்றார் அம்மா. நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பரணைச் சுத்தம் செய்யச் சொன்னார்கள், ஏறிவிட்டேன்.

டப்பாவைத் திறந்தால் வெள்ளையும் சிவப்புமாக, ஓரமெல்லாம் மஞ்சளேறிப்போன டிவி கேம். ஒயர் சுற்றிய இரண்டு ஜாய்ஸ்டிக். செங்கல் மாதிரி கனமான ஓர் அடாப்டர். மஞ்சள் நிறக் கேசட் ஒன்று. அதன் மேல் ‘9999999 இன் 1’ என்று ஸ்டிக்கர்.

2006-ல் கோட்டை மாரியம்மன் கோயில் மாசித் திருவிழாக் கடையில் அப்பா வாங்கிக்கொடுத்தது. அப்போது எனக்கு எட்டு வயது. ஒரு கோடிக்கு ஒன்றே ஒன்று குறைவாக கேம் இருக்கிறது என்று மனசார நம்பினேன். போட்டுப் பார்த்தால் மரியோ, கான்ட்ரா, வாத்து சுடுவது என்று நாலைந்து கேம்தான் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். அதுவே போதுமாக இருந்தது.

இந்த டிவி கேமுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று ‘ஃபேமிலி கம்ப்யூட்டர்’ என்ற பெயரில் ஒரு விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. சுருக்கமாக ஃபேமிகாம். அதை வடிவமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் மசாயுகி உயெமுரா. அதைப் பார்த்து ஆசிய நாடுகளில் காப்பியடித்துச் செய்த பெட்டிகள்தான் 90-களிலும் 2000-களிலும் நம் ஊர்க் கடைகளில் குவிந்தன. நம்மில் பலர் ‘ஒரிஜினல்’ ஃபேமிகாமை இன்றுவரை கண்ணால் பார்த்ததே இல்லை. ஆனாலும், மரியோவின் டியூன் நமக்கெல்லாம் தெரியும்.

பெட்டியைத் திறக்காதே!

ஹாலில் இருந்த எல்.இ.டி டிவியின் பின்னால் மஞ்சள், வெள்ளை ஒயர்களைச் சொருகினேன். அடாப்டரை மாட்டி சுவிட்சைத் தள்ளினேன். படம் வந்துவிட்டது! அக்கா மகள் குதித்தாள். ஆனால், மரியோ டியூனுக்கு மேலே இன்னொரு சத்தம் ஏறி உட்கார்ந்திருந்தது. ‘ம்ம்ம்ம்...’ என்று விடாத ஓர் உறுமல். மாவு கிரைண்டர் பக்கத்து அறையில் ஓடுகிற மாதிரி.

நான் ஸ்க்ரூ டிரைவர் தேடிக்கொண்டிருந்தபோது அப்பா வந்தார். முப்பது வருடம் டிவி, ரேடியோ ரிப்பேர் பார்த்தவர். வயது 63. கடையை இப்போது பாதி நேரம்தான் திறக்கிறார்.

“ஹம்மிங் அடிக்குது. பெட்டியை இப்பத் தொறக்காத” என்றார்.

“பின்ன எப்படிப்பா கண்டுபிடிக்கிறது?”

“சத்தம் எதோட சேர்ந்து கூடுது, எதோட சேர்ந்து கொறையுதுன்னு பாரு. அதுலயே பாதி வேலை முடிஞ்சுரும்.”

சின்ன வயதில் அவர் கடையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறேன். ஆனால், அவர் வேலையை உற்றுப் பார்த்தது இதுதான் முதல்முறை.

முதலில் டிவி ரிமோட்டில் வால்யூமைக் குறைக்கச் சொன்னார். உறுமலும் கூடவே குறைந்தது. அப்படியென்றால், ஸ்பீக்கர் வழியாகத்தான் வருகிறது. அடாப்டரோ பெட்டியோ நேரடியாக அதிர்ந்து எழுப்புகிற சத்தம் இல்லை.

இரண்டாவது, டிவி கேமை மட்டும் ஆஃப் செய்யச் சொன்னார். ஒயர்கள் அப்படியே இருக்கட்டும் என்றார். உறுமல் நின்றது. டிவி மேல் குற்றமில்லை.

மூன்றாவது, கேபிள் ஒயரை டிவியிலிருந்து பிடுங்கச் சொன்னார். “கேபிள்காரன் ஒயர் வழியா ஒரு எர்த்து, நம்ம பிளக் வழியா இன்னொரு எர்த்துன்னு ரெண்டு பக்கம் இருந்தா, நடுவுல கரண்ட் சுத்திக்கிட்டு ஹம்மிங் குடுக்கும்” என்றார். பிடுங்கினோம். மாற்றமில்லை. அதுவும் இல்லை.

நான்காவது, மஞ்சள், வெள்ளை ஒயர்களை ஆட்டிப் பார்த்தார். ‘கர்ர் கர்ர்’ என்று தனியாக ஒரு சத்தம் வந்து போனது. “இது வேற சீக்கு. பின்னுல பாசி புடிச்சிருக்கு.” கொஞ்சம் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தார். கர்ர் போய்விட்டது, ம்ம்ம் அப்படியே இருந்தது.

பழக்கதோஷத்தில் நான் கேசட்டை உருவி ‘உஃப்’ என்று ஊதினேன். அப்பா முறைத்தார். “எச்சி ஈரம் பட்டா அந்தப் பின்னு இன்னும் சீக்கிரம் துருப்பிடிக்கும். நீங்க ஊதினதால அது ஓடல. உருவி மறுபடி சொருகினீங்க பாரு, அதனால ஓடுச்சு.” இத்தனை வருட நம்பிக்கை ஒரு வரியில் காலி.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு டிவி கேம் தூங்கிக்கொண்டிருந்தால், அப்பா சொன்ன கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தொட்டால், ஆட்டினால் ‘கர்ர்’ என்றால் ஒயர், பின், சுவிட்ச். திரையில் வெளிச்சம் கூடும்போது கூடி, இருட்டும்போது குறைகிற ‘பர்ர்’ என்றால் படத்தின் சிக்னல் சத்தத்துக்குள் கசிகிறது. படம் எதுவாக இருந்தாலும் ஒரே சுருதியில் ‘ம்ம்ம்’ என்றால் கரண்ட் வருகிற பாதை.

ஆறு பேட்டரி சொன்ன தீர்ப்பு

ஐந்தாவது சோதனைக்கு அப்பா கடைச் சாமான் பெட்டியிலிருந்து ஒரு பேட்டரி ஹோல்டர் எடுத்தார். 1.5 வோல்ட் செல் ஆறு. மொத்தம் 9 வோல்ட். முனைகளைப் பார்த்து டிவி கேமுக்குக் கொடுத்தார்.

உறுமல் சுத்தமாக நின்றுவிட்டது. மரியோ டியூன் மட்டும் தெளிவாகக் கேட்டது. அக்கா மகள் கைதட்டினாள்.

“பேட்டரில ஹம்மிங் வர வழியே இல்ல. நம்ம வீட்டுக்கு வர்ற கரண்ட் செகண்டுக்கு அம்பது தடவை முன்னாடி பின்னாடி போயிட்டு வருது. பேட்டரி ஒரே பக்கமாப் போவுது. இப்பத் தெரியுதா, யாரு குத்தவாளின்னு?”

அந்தச் செங்கல் அடாப்டர்தான்.

பிளக்கிலிருந்து எடுத்து, கொஞ்ச நேரம் விட்டு, மூடியைப் பிரித்துக் காட்டினார். (நீங்கள் பிரிக்காதீர்கள். உள்ளே 230 வோல்ட் வருகிற இடம் அது. தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள்.) ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர், நான்கு டையோடு, உருளையாக ஒரு கெப்பாசிட்டர். அப்பா பாஷையில் ‘கண்டன்சர்’. அதன் தலை லேசாக உப்பியிருந்தது.

எனக்குப் புரிகிற மாதிரி அவர் சொன்னது இதுதான். நான்கு டையோடும் சேர்ந்து, முன்னும் பின்னுமாக ஓடுகிற கரண்டை ஒரே பக்கமாகத் திருப்பிவிடுகின்றன. ஆனால், அது சீராக வராது. செகண்டுக்கு 100 முறை குபுக் குபுக்கென்று வரும். கண்டன்சர்தான் மொட்டைமாடித் தொட்டி. மோட்டார் விட்டுவிட்டு ஊற்றினாலும் குழாயில் தண்ணீர் சீராக வருகிறது இல்லையா, அந்த மாதிரி. பல வருடமாகச் சும்மா கிடந்ததில் கண்டன்சரின் உள்ளே இருந்த திரவம் காய்ந்து, தொட்டி கிண்ணமாகச் சுருங்கிவிட்டது.

டிவி கேமின் உள்ளே 7805 என்று ஓர் ஐசி இருக்கிறது. வருகிற கரண்டை 5 வோல்ட்டாக நிறுத்திவைப்பது அதன் வேலை. அதற்குக் குறைந்தது 7 வோல்ட் உள்ளே வந்தாக வேண்டும். தொட்டி சின்னதானதால் ஒவ்வொரு குபுக்குக்கும் நடுவில் அந்த அளவுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. செகண்டுக்கு 100 முறை தடுக்கி விழுகிறது. அதைத்தான் டிவி ‘ம்ம்ம்’ என்று பாடுகிறது.

இதில் ஒரு வேடிக்கை. இரைச்சல் இந்தக் கருவிக்குப் புதிதே அல்ல. ஃபேமிகாமின் ஒலிப்பகுதியில் ஐந்து தடங்கள் உண்டு. இரண்டு மெட்டுக்கு, ஒன்று தாழ்ந்த சுருதிக்கு, ஒன்று பதிவுசெய்த சின்னச் சின்ன ஒலிகளுக்கு. மிச்சமுள்ள ஒன்று இரைச்சலுக்கென்றே! குண்டு வெடிப்பதும், டிரம் மாதிரி ‘ச்சிக் ச்சிக்’ என்று தாளம் வருவதும் அதில்தான். வேண்டிய இரைச்சல் ஒன்று இருக்கும்போதே வேண்டாத இரைச்சல் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். அப்பாவுக்கு அது கைவந்த கலை என்றுதான் அன்று காலை வரை நினைத்திருந்தேன்.

“என்ன சத்தம்? ஒண்ணும் இல்லையே!”

அன்று ஞாயிற்றுக்கிழமை. புது கண்டன்சர் வாங்க வழியில்லை. வீட்டில் பழைய ரவுட்டர் ஒன்றின் 9 வோல்ட் அடாப்டர் கிடந்தது. உள்ளங்கை அளவு, எடையே இல்லை. அப்பா மீட்டரை வைத்துப் பிளக்கின் நடுமுனை பிளஸ்ஸா மைனஸா என்று பார்த்தார். டிவி கேம் நடுவில் மைனஸ் கேட்டது, அடாப்டர் நடுவில் பிளஸ் கொடுத்தது. ஒயரை வெட்டி மாற்றி ஒட்டினார். பார்க்காமல் சொருகியிருந்தால் டிவி கேமின் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ஆன் செய்தோம். உறுமல் இல்லை. “முடிஞ்சுது. ஆடுங்க” என்று எழுந்தார்.

அக்கா மகள் முகத்தைச் சுளித்தாள். “தாத்தா, கீன்னு கத்துது.”

எனக்கும் கேட்டது. கொசு காதருகில் வந்து போகாமல் அங்கேயே நின்றுவிட்டால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு மெல்லிய ‘கீ...’.

“என்ன சத்தம்? ஒண்ணும் இல்லையே” என்றார் அப்பா.

“நல்லாக் கேளுங்கப்பா.”

“ஒண்ணும் இல்லத்தா. அதான் ஹம்மிங் போயிருச்சே.”

அவர் சொல்லிக்கொடுத்ததையே செய்து பார்த்தேன். டிவியை மியூட் செய்தேன். கீ நிற்கவில்லை. அப்படியென்றால், ஸ்பீக்கர் வழியாக வரவில்லை. குனிந்து ஒவ்வொன்றாகக் காதை வைத்தேன். புது அடாப்டர்தான் கத்தியது. இந்த வகை அடாப்டர்கள் கரண்டை செகண்டுக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்புகின்றன. அந்த வேகம் மனிதக் காதுக்கு எட்டாது. ஆனால், டிவி கேம் மாதிரி கொஞ்சமாகக் கரண்ட் இழுக்கிற சாமானை மாட்டினால், சில மலிவான அடாப்டர்கள் விட்டுவிட்டு வெட்ட ஆரம்பிக்கும். அப்போது உள்ளே இருக்கும் காயில் அதிர்ந்து, நம் காதுக்கு எட்டுகிற ‘கீ’யாகக் கேட்கும்.

அப்பா அடாப்டரைக் கையில் எடுத்துக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டார். இடது காது. வலது காது. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ரெண்டு பேரும் சேர்ந்து என்னைக் கிண்டல் பண்றீங்களா?”

அவர் குரலில் கோபம் இருந்தது. எனக்கும் சுர்ரென்றது. அப்பா ஒரு மெக்கானிக், மீட்டர் காட்டினால் ஒப்புக்கொள்வார் என்று தெரியும். ஜெயிக்க வேண்டும் என்ற வீம்பில், ஒலியை அளக்கிற ஒரு செயலியை மொபைலில் இறக்கினேன். அடாப்டர் பக்கத்தில் வைத்தேன். திரையில் 11,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கோடு ஊசி மாதிரி எழுந்து நின்றது. அடாப்டரைப் பிடுங்கினால் ஊசி விழுந்தது. மாட்டினால் எழுந்தது.

அப்பா மொபைலை வாங்கினார். தானே அடாப்டரைப் பிடுங்கினார், மாட்டினார். மறுபடி பிடுங்கினார், மாட்டினார். ஊசி விழுந்து விழுந்து எழுந்தது. அவர் எதுவும் பேசவில்லை.

எனக்கு ஜெயித்த சந்தோஷம் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர்தான் சொன்னார். “பழைய டிவில விசில் அடிக்கும். எல்.ஓ.டி விசில். படம் வரலைன்னாலும் அந்த விசில் கேட்டா, ‘ஹை வோல்டேஜ் இருக்கு, வேற எடத்தப் பாரு’ம்பேன். பெட்டியத் தொறக்காமயே சொல்லிருவேன்.”

பெரிய பின்பக்கம் கொண்ட பழைய டிவிகளில் 625 வரிகளைச் செகண்டுக்கு 25 முறை வரைவார்கள். பெருக்கினால் 15,625. அந்த வேகத்தில் துடிக்கிற ஒரு டிரான்ஸ்ஃபார்மரின் சத்தம்தான் அந்த விசில். அதைக் கேட்டுத்தான் அப்பா எங்களைப் படிக்க வைத்தார்.

“எல்லாம் எல்.இ.டி ஆயிருச்சு. அதான் விசில் கேக்கறதில்லன்னு நெனச்சுட்டேன்” என்றார்.

கடை, தடை, படை, சடை

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உள்ளே இன்னொரு படம் ஓடிக்கொண்டிருந்தது.

அலறுகிற டிவி. “கூப்பிட்டா திரும்பறதே இல்ல” என்கிற அம்மா. “நீ வாய்க்குள்ளயே பேசுற” என்கிற அப்பா. சென்னையிலிருந்து நான் போன் செய்தால், இரண்டு நிமிடம்கூட ஆகாது, “இந்தா, அம்மாகிட்ட பேசு” என்று கொடுத்துவிடுவார். எனக்கு வேலை கிடைத்த பிறகு அப்பாவுக்கு என்னிடம் பேச எதுவுமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை வேலை மாறியதைப் போனில் சொன்னேன். “சரிம்மா, சரிம்மா” என்றார். அடுத்த மாதம் ஊருக்குப் போனபோது, “ஆபீஸ் மாறிட்டியாமே, எங்கிட்ட சொல்லவே இல்ல” என்றார். ‘சொன்னதைக்கூட மனசுல வெச்சுக்கல’ என்று அன்று முழுக்க அவரிடம் நான் பேசவில்லை.

மறுநாள் காது டாக்டரிடம் போகலாம் என்றேன். “எனக்கென்ன, நல்லாத்தான் கேக்குது. வயசானா விசில் கேக்காது. அதுக்கு டாக்டரா?” என்றார். அதில் பாதி உண்மை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். வயது கூடக் கூட உச்ச சுருதி ஒலிகள்தான் முதலில் மறையும். 60 வயதில் 15,000 ஹெர்ட்ஸ் விசில் கேட்காதது சாதாரணம். அது மட்டுமே நோய் இல்லை. எது வரை மறைந்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

நான் சொல்லிக் கேட்காதவர், பேத்தி சொல்லிக் கேட்டார். “தாத்தா, டிவி கேமை டெஸ்ட் பண்ணினோம்ல, அது மாதிரி உங்க காதையும் பண்ணலாம்.”

டாக்டர் முதலில் காதுக்குள் விளக்கடித்து அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. பிறகு, சத்தம் புகாத ஒரு சின்ன அறைக்குள் அப்பாவை உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். தாழ்ந்த சுருதியிலிருந்து 8,000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாக. கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆரம்பத்தில் டக் டக்கென்று அழுத்தினார். பிறகு, விரல் பட்டன் மேலேயே காத்துக்கொண்டிருந்தது.

வரைபடம் வந்தது. 1,000 ஹெர்ட்ஸ் வரை கோடு மேலே நேராகப் போனது. 2,000-ல் சரிய ஆரம்பித்து, 4,000-ல் 60 டெசிபலுக்கு இறங்கியிருந்தது. அதாவது, அந்தச் சுருதியில் ஒரு சத்தம் 60 டெசிபல் வந்தால்தான் அப்பாவுக்கு அது இருப்பதே தெரியும். பெரியவர்களுக்கு 25 டெசிபலுக்குள் கேட்டால் பொதுவாகக் கவலையில்லை.

“இவருக்கு சத்தம் கேக்கும். வார்த்தை புரியாது” என்றார் டாக்டர். பேச்சில் அ, ஆ, ஓ போன்ற உயிர் ஓசைகள் தாழ்ந்த சுருதியில் பலமாக வரும். அவை அப்பாவுக்கு நன்றாகவே கேட்கின்றன. ஆனால், ச, ஸ, ஷ, த, க என்று ஒரு வார்த்தையை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுகிற மெய்யோசைகளின் தெளிவு மேல் சுருதியில் இருக்கிறது. கடை, தடை, படை, சடை நான்கும் அவருக்குக் கிட்டத்தட்ட ஒரே வார்த்தை. டிவி வால்யூமைக் கூட்டினால் ஏற்கெனவே கேட்பதுதான் இன்னும் அலறும், புரியாதது அவ்வளவாகத் தெளியாது. பெண்கள், குழந்தைகள் குரல் இன்னும் கஷ்டம். முகம் தெரியாத போன் பேச்சு அதைவிடக் கஷ்டம். வாயசைவைப் பார்த்து ஊகிக்க முடியாது இல்லையா!

“போனை ஏன்ப்பா உடனே அம்மாகிட்ட குடுத்தீங்க?” என்று ஆட்டோவில் கேட்டேன்.

“ரெண்டு தடவை ‘என்னது’ன்னு கேட்டுட்டேன்னா, மூணாவது தடவை உன் குரல் மாறும்மா. அது நல்லாக் கேக்கும்” என்றார்.

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

கேட்காத சத்தத்துக்கு வைத்த ஈயம்

காதுக்கருவி என்றதும் “செவிட்டு மிஷினா?” என்றார். இரண்டு நாள் பிடிவாதம். பிறகு, சோதனைக்கு மாட்டிப் பார்க்க ஒப்புக்கொண்டார். முதல் நாள் வீட்டில் அவருக்கு எல்லாமே இரைச்சல். பேப்பர் மடிக்கிற சத்தம், ஃபேன், அம்மாவின் கண்ணாடி வளையல், குழாய்த் தண்ணீர். “இதெல்லாம் இவ்வளவு சத்தமாவா இருந்துச்சு?” என்று கேட்டார். மூளைக்குப் பழக சில வாரங்கள் ஆகும், அவசரப்படாமல் தினமும் கொஞ்ச நேரம் கூட்டிக்கொண்டே போகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ‘கீ’ மட்டும் கருவி போட்டும் அவருக்குக் கேட்கவில்லை. கருவிகள் பேச்சுக்கு வேண்டிய சுருதிகளைத்தான் கூட்டிக்கொடுக்கும், அவ்வளவு உயரத்துக்கு எட்டாது என்றார்கள்.

நான் சென்னை கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை, அப்பா கடையிலிருந்து வரும்போது சட்டைப் பையில் ஒரு புது கண்டன்சர் கொண்டுவந்தார். பழையது 1,000 மைக்ரோஃபேரட். இது 2,200. “தொட்டியக் கொஞ்சம் பெருசாவே கட்டிருவோம்.” செங்கல் அடாப்டரைப் பிரித்தார். மைனஸ் கோடு எந்தப் பக்கம் என்று இரண்டு முறை பார்த்து ஈயம் வைத்தார்.

“அந்தச் சின்ன அடாப்டர்லதான் ஹம்மிங் இல்லையேப்பா. அதுவே ஓடட்டுமே” என்றேன்.

“பாப்பாவுக்கு கீன்னு கேக்குதுன்னு சொல்றால்ல.”

“உங்களுக்குக் கேக்கலையே.”

“எனக்குக் கேக்கலன்னா? அவளுக்குக் கேக்குதுல்ல.”

அடாப்டரை மூடி, பிளக்கில் மாட்டி, டிவி கேமை ஆன் செய்தார். ‘ம்ம்ம்’ இல்லை. அது அவருக்கே தெரிந்தது. ஆனால், இன்னொன்று அவருக்குத் தெரிய வழியில்லை. எனவே, வேலை முடிந்துவிட்டது என்று அவர் எழுந்துகொள்ளவில்லை. பேத்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

“இப்பக் கேக்குதா?”

அவள் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கவனித்தாள். “இல்ல தாத்தா. மரியோ மட்டும்தான்.”

அதற்குப் பிறகுதான் ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுத்தார். முதல் பள்ளத்திலேயே விழுந்தார்.

இப்போது வாரத்துக்கு இரண்டு முறை வீடியோ காலில் பேசுகிறோம். என் முகம் தெரிகிற மாதிரி மொபைலை நிமிர்த்தி வைத்துக்கொள்கிறேன். கருவி சில நாள் காதில் இருக்கும், சில நாள் சட்டைப் பையில் இருக்கும். போன வாரம் அவர் “என்னது?” என்று மூன்றாவது முறை கேட்டார். நான்காவது முறையும் அதே குரலில் சொன்னேன்.

“ம், இப்பக் கேட்டுச்சு” என்றார்.